லோ கார்ப்பில் பழம்: எதை, எத்தனை கிராம்?

மிளகுக்கொடி

வணக்கம். ஒரு நாளைக்கு 30 கிராம் நெட் கார்ப் (கார்போஹைட்ரேட்டில் நார்ச்சத்தைக் கழித்த மிச்சம்) என்று வரம்பு வைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் கேட்கிறேன். பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்று ஒரு கட்சி. பழத்திலிருப்பது இயற்கைச் சர்க்கரை, அது கணக்கிலேயே வராது என்று இன்னொரு கட்சி. இரண்டுமே ஒப்பவில்லை.

தெரிய வேண்டியது இவைதான். அந்த 30 கிராமில் பழத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது நியாயம்? ஒதுக்கியதற்கு ஒவ்வொரு பழமும் எவ்வளவு கிடைக்கும்? 'ஒரு கப்', 'நடுத்தர அளவு' என்று சொல்லாமல் கிராமில் சொல்லுங்கள்.

அடுத்து லேபிள் குழப்பம். பிளாக்பெர்ரி 100 கிராமுக்கு ஒரு பாக்கெட்டில் கார்ப் 9.6 என்று இருக்கிறது, இன்னொன்றில் 5-ஐ ஒட்டி. நார்ச்சத்து இரண்டிலும் 5 சொச்சம். எதிலிருந்து எதைக் கழிப்பது? கடைசியாக, தர்பூசணிக்கு ஜிஐ (கிளைசீமிக் இண்டெக்ஸ், ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்ற குறியீடு) அதிகம் என்கிறார்கள், ஆனால் கார்ப் குறைவாக இருக்கிறது. இதில் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

தராசுமுள்

லேபிளிலிருந்து தொடங்குகிறேன். அங்கே தப்பினால் மற்ற எல்லாக் கணக்கும் தப்பும்.

அமெரிக்கா, கனடா முறையில் மொத்தக் கார்போஹைட்ரேட் என்ற வரிக்குள்ளேயே நார்ச்சத்தும் அடக்கம். அந்த 9.6-லிருந்து நார்ச்சத்து 5.3-ஐக் கழித்தால் 4.3, அதுதான் நெட் கார்ப். ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஆஸ்திரேலியா முறையில் நார்ச்சத்து தனி வரி. கார்ப் வரியில் அதை நீக்கிய மிச்சம் மட்டுமே இருக்கும். உங்கள் இரண்டாவது பாக்கெட் இந்த ரகம். அங்கே போட்டிருப்பதே நெட் கார்ப், மேற்கொண்டு கழிக்க ஒன்றுமில்லை. கழித்தீர்களென்றால் பிளாக்பெர்ரி பூஜ்யம் கார்ப் ஆகிவிடும், அப்படி ஒரு பழம் கிடையாது. பலர் "கணக்கு சரியாகத்தான் வைக்கிறேன், ஆனால் எடை நகரவில்லை" என்று புலம்புவதற்குப் பின்னால் இந்த இரட்டைக் கழித்தலும் உண்டு.

எந்த முறை என்று பாக்கெட்டில் தெரியவில்லையா? சர்க்கரை வரியைப் பாருங்கள். பழுத்த பழத்தில் நெட் கார்ப் என்பது பெரும்பாலும் சர்க்கரைதான். கார்ப் எண்ணும் சர்க்கரை எண்ணும் அருகருகே இருந்தால் நார்ச்சத்தை ஏற்கெனவே கழித்தாயிற்று என்று பொருள். கார்பைவிட நார்ச்சத்து அதிகமாகத் தெரிந்தால் (ராஸ்பெர்ரியில் அப்படி வரும்) சந்தேகமே வேண்டாம்.

அடுத்து ஒதுக்கீடு. 30 கிராமில் கீரை, காய்கறிக்கு 12 வரை போகும். பருப்பு வகைக் கொட்டைகள், தயிர், சீஸ், முட்டை எல்லாமாக 5 அல்லது 6. சாஸ், மசாலா, வெங்காயம் போன்ற கண்ணுக்குத் தெரியாத கணக்கு 2, 3. மிச்சம் 8 முதல் 10. பழத்துக்கு அதுதான். 20 கிராம் வரம்பில் இருப்பவர் 4, 5 கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 50 கிராம்காரர் 15 வரை தாராளமாகப் போகலாம்.

இனி, 10 கிராம் நெட் கார்புக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். எல்லாமே தோல், கொட்டை நீக்கிய எடை.

பிளாக்பெர்ரி 230 கிராம், ராஸ்பெர்ரி 185, ஸ்ட்ராபெர்ரி 175. ஸ்ட்ராபெர்ரி நடுத்தரமாக ஒன்று 12 கிராம் இருக்கும், ஆக 14 பழம். உட்கார்ந்து சாப்பிட்டாலும் முடிக்கச் சிரமம்.

தர்பூசணி, முலாம்பழம் 140-ஐ ஒட்டி. பீச் 125. கொய்யா 112, பப்பாளி 110, ஆரஞ்சு சுளை 106.

ஆப்பிள் 88 கிராம், அதாவது நடுத்தரப் பழத்தில் பாதி. கிவி, அன்னாசி 85. புளூபெர்ரி 82. பெர்ரி என்று பெயரில் இருப்பதால் புளூபெர்ரியையும் ஸ்ட்ராபெர்ரியோடு சேர்த்துக் கொட்டிக்கொள்கிறார்கள், இரண்டுக்கும் இரு மடங்கு வித்தியாசம்.

மாம்பழம் 75. மாதுளை முத்து 68. திராட்சை 58, எண்ணினால் ஒரு டஜன். வாழைப்பழம் 50, பாதிப் பழம்கூட இல்லை. பலாச்சுளை 46.

பேரீச்சை 15 கிராம். மெஜூல் ரகத்தில் ஒன்றே கொட்டை நீக்கி 24 கிராம் இருக்கும், எனவே ஒரு முழுப் பழத்துக்கும் இடமில்லை. உலர்திராட்சை 13 கிராம், ஒன்றரை மேசைக்கரண்டி.

அவகேடோவை இந்த வரிசையில் வைக்கவே முடியாது. 100 கிராமில் நெட் கார்ப் 1.8தான், 10 கிராம் கார்புக்கு அரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். ஆனால் 100 கிராமுக்கு 160 கலோரி இருக்கிறது, எடை குறைக்க வந்தவர்கள் அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளவும்.

நாக்கை நம்ப வேண்டாம். புளிப்பு என்பது அமிலம். சர்க்கரை குறைவு என்பதற்கு அத்தாட்சி அல்ல. புளிக்கும் கிவியில் 100 கிராமுக்கு 11.7, தித்திக்கும் தர்பூசணியில் 7.2.

எடை போடும் விதம். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். நறுக்கிய பழத்தைத் தட்டோடு தராசில் வைத்து டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். பிறகு தட்டிலிருந்து எடுத்து எடுத்துச் சாப்பிடுங்கள். திரையில் −40, −65 என்று மைனஸில் ஓடும், அதுதான் வயிற்றுக்குள் போனது. தோலும் கொட்டையும் உள்ள பழத்துக்கு முழுதாக ஒருமுறை, சாப்பிட்டு முடித்துத் தோல் கொட்டையை மட்டும் இன்னொருமுறை எடை பார்த்துக் கழியுங்கள். வாழைப்பழத்தில் மூன்றிலொரு பங்கு தோல், தர்பூசணியில் கிட்டத்தட்டப் பாதி தோல். தோலோடு எடை போட்டுவிட்டு அட்டவணை எண்ணால் பெருக்கினால் இல்லாத கார்பை எழுதிக்கொண்டு பட்டினி கிடப்பீர்கள்.

ஜிஐ விஷயம்: அதை அளக்கும்போது வழக்கமாக 50 கிராம் கார்ப் வரும் அளவுக்கு அந்த உணவைக் கொடுத்துத்தான் அளப்பார்கள். தர்பூசணியில் 50 கிராம் கார்ப் வேண்டுமென்றால் 700 கிராம் சுளை தின்ன வேண்டும். 140 கிராம் சாப்பிடுகிறவருக்கு அந்த எண்ணால் பிரயோசனமில்லை. ஆனால் தர்பூசணிக்கு வேறொரு கண்ணி உண்டு: ஒரு பெரிய கீற்று நறுக்கினால் சுளை மட்டுமே 280 கிராம் வரும், அது 20 கிராம் கார்ப். கீற்றாகச் சாப்பிடாதீர்கள். துண்டு போட்டு எடை பார்த்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.

வெண்ணெய்க்கட்டி

தராசுமுள் அண்ணா கணக்கில் குறையில்லை. ஆனால் பழம் கட்டாயமா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லையே. கட்டாயமில்லை என்பதுதான் பதில்.

பழத்துக்கு ஆதரவாக முதலில் வருவது வைட்டமின் சி. சிவப்புக் குடைமிளகாய் 100 கிராமில் 128 மில்லிகிராம் இருக்கிறது, நெட் கார்ப் 4தான். ஸ்ட்ராபெர்ரி 100 கிராமில் 59. பழம்தான் வேண்டும் என்றால் கொய்யாவை அடித்துக்கொள்ள ஆளில்லை: 40 கிராம் துண்டில் 90 மில்லிகிராம், நெட் கார்ப் மூன்றரை. பெரியவர்களுக்கு நாள் தேவை அதோடு முடிந்தது. பொட்டாசியத்துக்கு வாழைப்பழம் என்பார்கள். 100 கிராமுக்கு வாழைப்பழத்தில் 358 மில்லிகிராம், அவகேடோவில் 485.

என் பரிந்துரை: தொடங்கி முதல் இரண்டு, மூன்று வாரம் அவகேடோ, தக்காளி, எலுமிச்சை, ஆலிவ் தவிர்த்து இனிப்பான எந்தப் பழமும் வேண்டாம். கார்புக்காகச் சொல்லவில்லை. அந்த வாரங்களில் இனிப்பு ஆசை உச்சத்தில் இருக்கும், 14 ஸ்ட்ராபெர்ரியோடு நிறுத்த முடியாது. எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டிக்கு 1 கிராம் கார்ப்தான், அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

அப்புறம், 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்று அட்டையில் பார்த்ததும் பழச்சாறு வாங்குகிறவர்களுக்கு: சேர்க்காவிட்டாலும் ஆரஞ்சுச் சாறு ஒரு டம்ளர், 240 மில்லி, 25 கிராம் கார்ப். நாள் கணக்கு அதிலேயே முடிந்துவிடும்.

மிளகுக்கொடி

தராசுமுள் அண்ணா, அந்த மைனஸ் வித்தை அருமை, நன்றி. வெண்ணெய்க்கட்டி சொல்வதும் புரிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். குளுக்கோமீட்டரில் பார்த்தால் ஆறு திராட்சைக்கு, அதாவது 30 கிராமுக்கு, சாப்பிட்ட அரை மணியில் 192 (mg/dL) காட்டுகிறது. அதற்கு முன் 94. ஐந்து கிராம் கார்புக்கு 98 ஏறுமா? ஒருவேளை பழம் என்றாலே இப்படித்தானா?

மிக்ஸியில் அடித்தால் நார்ச்சத்து செத்துப்போகும் என்கிறார்களே, அது உண்மையா?

நாடித்துடிப்பு

ஏறாது. முதலில் கையைச் சந்தேகப்படுங்கள். திராட்சையைக் காம்பிலிருந்து பறித்தீர்களா, பழம் உரித்தீர்களா, அதன்பின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குத்தினீர்களா?

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் ஒரு மைக்ரோலிட்டர் அல்லது அதற்கும் குறைவு. ரத்தச் சர்க்கரை 100 என்றால் அந்த ஒரு மைக்ரோலிட்டரில் இருக்கும் குளுக்கோஸ் வெறும் ஒரு மைக்ரோகிராம், ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விரல் நுனியில் பழச்சாற்றின் குளுக்கோஸ் இன்னொரு மைக்ரோகிராம் ஒட்டியிருந்தால் மீட்டர் 200 காட்டும். கண்ணுக்கும் தெரியாது, கையில் பிசுபிசுப்பும் இருக்காது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் இது முழுதாகப் போவதில்லை. தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டுக் குத்துங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து, எதிர்ப்பக்கமாகத் தப்பாகக் காட்டும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள். முள்கரண்டியால் சாப்பிடுவது இன்னும் எளிது.

சுத்தமான கையோடும் உயர்வாகவே காட்டினால் அதற்கு வேறு காரணம் உண்டு. பல வாரமாகக் கார்ப் மிகக் குறைவாக எடுப்பவரின் தசைகள் கொழுப்பை எரித்துப் பழகியிருக்கும், திடீரென்று வரும் குளுக்கோஸை உடனே வாங்கிக்கொள்ளாது. வழக்கமாகச் சோறு, ரொட்டி சாப்பிடுகிறவரைவிட அதே பழத்துக்கு இவருக்குக் கூடுதலாக ஏறும். இதை மட்டும் வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்ட முடியாது. குளுக்கோஸ் கரைசல் குடித்து எடுக்கும் சோதனைக்கு முந்தைய மூன்று நாள் தினம் 150 கிராம் கார்பாவது சாப்பிடச் சொல்வது இதனால்தான். லோ கார்பில் இருப்பதை மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லாமல் அந்தச் சோதனைக்குப் போகாதீர்கள்.

ஒரு பழம் உங்களுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் முறை: சாப்பிடும் முன் ஒன்று, சாப்பிட ஆரம்பித்த ஒரு மணியில் ஒன்று, இரண்டு மணியில் ஒன்று. வேறு எதோடும் கலக்காமல் அந்தப் பழம் மட்டும். பழச் சர்க்கரை அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் உச்சம் தொடும், இரண்டு மணி அளவை மட்டும் பார்க்கிறவர்கள் உச்சத்தைத் தவறவிடுவார்கள். இதை மூன்று வெவ்வேறு நாள் செய்யுங்கள். மீட்டருக்கே 15 சதவீதம் வரை முன்பின் இருக்க அனுமதி உண்டு, ஆகவே 108-க்கும் 118-க்கும் வித்தியாசம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று கவனிக்க: மீட்டர் குளுக்கோஸை மட்டுமே பார்க்கும். ஆப்பிள், பேரிக்காயின் சர்க்கரையில் பாதிக்கு மேல் ஃபிரக்டோஸ் என்ற வேறு சர்க்கரை, அது பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய்விடும். "ஆப்பிள் தின்றேன், ஏறவே இல்லை, ஆகவே கார்ப் இல்லை" என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நெட் கார்ப் கணக்கில் அதுவும் முழுசாகச் சேரும்.

மருந்து எடுப்பவர்கள் இதை விட்டுவிடாமல் படியுங்கள். இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரையோ எடுக்கிறவர் கார்பைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். மருந்தளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகுதான் உணவை மாற்ற வேண்டும். 70-க்குக் கீழ் போனால் லோ கார்ப் விதி எல்லாம் செல்லாது. 15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது 150 மில்லி பழச்சாறு, குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் கிரீம் போட்ட ஸ்ட்ராபெர்ரி உதவாது, கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கார்பை இந்த அளவுக்கு இறக்கவே கூடாது. மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேர்வது) வரும் ஆபத்து இருக்கிறது. கொலஸ்டிராலுக்குச் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட்டை (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனப் பழம்) மட்டும் தள்ளி வையுங்கள், மருந்து ரத்தத்தில் தேங்கும்.

உறைபனி

மிக்ஸி கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். மிக்ஸி நார்ச்சத்தைப் பொடியாக்கும், இல்லாமல் ஆக்காது. வடிகட்டிச் சக்கையைக் கொட்டினால்தான் போகும். ஸ்மூத்தியில் கெடுவது அளவுதான்: மென்று தின்னும்போது 150 கிராமில் அலுத்துப்போகிற பழம், டம்ளரில் 400 கிராம் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். மிக்ஸி ஜாரையே தராசில் வைத்து டேர் அழுத்தி ஒவ்வொன்றாகப் போடுங்கள். 80 கிராம் ஸ்ட்ராபெர்ரி, 50 கிராம் அவகேடோ, 100 கிராம் இனிப்பில்லாத கெட்டித் தயிர், தண்ணீர். பழத்தின் பங்கு ஐந்தரை கிராம் கார்ப். தயிருக்கு 4, 5 கிராம் தனியாகச் சேர்க்க வேண்டும், அதை மறப்பவர்கள் நிறைய.

உறைய வைத்த பெர்ரி வாங்கலாம், கார்ப் அதேதான். பொருட்பட்டியலில் பழத்தின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். சர்க்கரை, சிரப் என்று இருந்தால் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையிலேயே எடை போடுங்கள். உருகியதும் சாறு கிண்ணத்தின் அடியில் ஓடித் தேங்கும், பழம் தொளதொளவென்று ஆகும். சாற்றை வடித்துவிட்டுப் பழத்தை மட்டும் எடை பார்த்தால் எண் தப்பு, ஏனென்றால் சர்க்கரையில் ஒரு பங்கு சாற்றோடு போயிருக்கும். தொளதொளப்பு பிடிக்காவிட்டால் முழுதாக உருக விடாமல் பாதி உறைந்த நிலையில் தயிரில் போடவும்.

ஃபிரீஸ் டிரை செய்த (உறைய வைத்து நீரை நீக்கிய) பழம் தனி மாயை. கையில் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும், ஒரு பாக்கெட் வாயில் போட்டதே தெரியாது. ஸ்ட்ராபெர்ரியில் நூற்றுக்கு 91 தண்ணீர், அதை எடுத்துவிட்டால் 10 கிராம் காய்ந்தது என்பது 100 கிராமுக்கு மேற்பட்ட பச்சைப் பழம். உலர்ந்த கிரான்பெர்ரி அதைவிட மோசம். பச்சையாக 100 கிராமுக்கு எட்டரைதான் நெட் கார்ப், ஆனால் அப்படியே தின்ன முடியாத புளிப்பு என்பதால் காய வைக்கும்போது சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். கடையில் கிடைப்பதில் 100 கிராமுக்கு 80 சொச்சம் கார்ப்.

டப்பாவில் அடைத்த பழம் சிரப்பில் ஊறியதென்றால், வடித்துக் கழுவினாலும் ஊறியது ஊறியதுதான். தன் சாற்றிலேயே அடைத்தது பரவாயில்லை, எடைக்குச் சாப்பிடலாம்.

பழுக்காத வாழைக்காய்ப் பதத்தில் தின்றால் கார்ப் குறைவா என்று யாராவது கேட்பார்கள். மொத்தக் கார்ப் பெரிதாக மாறாது. மாவு மெல்ல மெல்லச் சர்க்கரையாவதுதான் பழுப்பது. பச்சையில் ஒரு பகுதி மாவு செரிக்காமல் போகும், எவ்வளவு என்று வீட்டில் அளக்க வழியில்லை. எனவே பழத்தின் எண்ணையே எழுதிக்கொள்ளுங்கள்.

மிளகுக்கொடி

கை கழுவிவிட்டு அதே 30 கிராம் திராட்சைக்கு மறுபடி பார்த்தாயிற்று: முன்பு 91, அரை மணியில் 112. நாடித்துடிப்புக்கு ஒரு கும்பிடு.

நட்சத்திரப் பழத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? 100 கிராமுக்கு நெட் கார்ப் 3.9 என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். ஸ்ட்ராபெர்ரியைவிடக் குறைவு.

தராசுமுள்

எண் சரிதான். 10 கிராமுக்கு 250 கிராம் கிடைக்கும், தோலோடு தின்னலாம், விதையை மட்டும் எடுத்துவிட வேண்டும். ஆனால் சாப்பிடப் போவது யார் என்று தெரியாமல் நான் அதைப் பட்டியலில் போடுவதில்லை. காரணத்தை நாடித்துடிப்பே சொல்லட்டும்.

நாடித்துடிப்பு

சிறுநீரகம். நட்சத்திரப் பழத்தில் ஆக்சலேட்டும் அதிகம், கேரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சும் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கும் டயாலிசிஸில் இருப்பவருக்கும் அது தங்கி, நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே உலை வைத்திருக்கிறது. ஒரு பழமேகூடப் போதும். சிறுநீரகம் நன்றாக இருப்பவரும் வெறும் வயிற்றில் அதன் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கூடாது, ஆக்சலேட் சிறுநீரகத்தில் படியும். பல வருடச் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்து வெகுநாள் ஆயிற்றென்றால், முதலில் அதைப் பாருங்கள். அதுவரை ஸ்ட்ராபெர்ரியே இருக்கட்டும்.